வெறும் வயிற்றில் உடற்பயிற்சி: கேள்விகளும் பதில்களும்

அக்கா, காலையில் வெறும் வயிற்றில் நடந்தால்தான் தொப்பை கரையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இரவு சாப்பிட்டுப் பத்து மணி நேரம் கழிந்தால் கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு குறைந்துவிடும். அதனால் நடக்கும் நேரத்தில் உடல் கொழுப்பைச் சற்று அதிகமாக எரிக்கும். ஆனால் அன்றைய மீதிப் பொழுதில் அந்தக் கணக்கு சமமாகிவிடுகிறது. 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 20 இளம்பெண்கள் உணவைக் குறைத்துக்கொண்டு, வாரம் மூன்று நாள், தினம் ஒரு மணி நேரம் என நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் வெறும் வயிற்றில்; மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு. இரு தரப்பும் எடை குறைந்தார்கள், ஒருவரையொருவர் மிஞ்சவில்லை. உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அப்படியே நடங்கள்.

வயது 58. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை எடுக்கிறேன். நேற்று விடியற்காலை நடையின் நடுவே கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. இன்றும் போகலாமா அம்மா?

இன்று வேண்டாம் ஐயா. முதலில் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ சேர்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீங்கள் சொல்வது சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளமாகத் தெரிகிறது. வயிற்றில் உணவு இருக்கிறதா என்று இந்த மாத்திரை பார்ப்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். நடக்கும் தசைகளும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தாழ்வு அரிது.

இனி கிளம்பும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு, அளவு ஏறிய பிறகு புறப்படுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உட்கார்ந்து மூன்று தேக்கரண்டி அளவு வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். பிஸ்கட் அந்த நேரத்துக்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவை மாற்றுவது மருத்துவர் வேலை. தனியாக நடப்பதையும் தயவுசெய்து விடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் மெதுவாக நடப்பது உணவுக்குப் பிந்தைய சர்க்கரையைக் குறைக்கும் என்பதால், அதைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள்.

காலை ஆறு மணிக்கு ஜிம். எடை தூக்கும்போது கண் இருட்டுகிறது.

முந்தைய இரவு என்ன சாப்பிட்டீர்கள் தம்பி? இரவு உணவைத் தவிர்த்துவிட்டு வருபவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறேன். அரை மணி நேரம் முன் ஒரு வாழைப்பழம், கூடவே தண்ணீர். ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு இட்லி. மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாலும் கண் இருட்டும். சாப்பிட்டும் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தையும் ஹீமோகுளோபினையும் பரிசோதியுங்கள்.

பொங்கல், வடை சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து ஓடலாம்?

மூன்று மணி நேரம். நெய்யும் எண்ணெயும் வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும்.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் புரதம் சாப்பிடாவிட்டால் எல்லாம் வீணா?

வீணாகாது. நாள் முழுவதும் எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம்: எடைப் பயிற்சி செய்யும் 60 கிலோ ஆளுக்கு, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், சுமார் 85 முதல் 120 கிராம். நம் காலை உணவுதான் இதில் ஏமாற்றுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மூன்று இட்லி சேர்ந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுண்டல், தயிர், முட்டை, மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது சேருங்கள். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தவர் மட்டும் சாப்பாட்டை அதிகம் தள்ளிப்போட வேண்டாம்.

ரமலான் நோன்பில் பயிற்சியை விட மனமில்லை. எப்போது செய்வது?

விட வேண்டாம். பகலில் பசியைவிடத் தாகம்தான் தொல்லை. மெதுநடை என்றால் நோன்பு திறப்பதற்குச் சற்று முன். முடிந்ததும் தண்ணீர் கிடைத்துவிடும். எடைப் பயிற்சியை, பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். சமோசாவைப் பயிற்சி நாளில் ஒதுக்கிவிட்டு, சஹரில், அதாவது விடியலுக்கு முன் உண்ணும் உணவில், முட்டையும் தயிரும் சேருங்கள்.