நிலாவெளி வீட்டுக்குக் கொடுத்த முற்பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகில் தோட்டத்தில் வசிக்கிறோம். ஓகஸ்ட் விடுமுறைக்கு ஒன்பது பேர் நிலாவெளிக்குப் போனோம். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து, கடலை ஒட்டிய வீட்டை இரண்டு இரவுக்கு 60,000 ரூபாவுக்குப் பேசி, சீட்டுப் பணத்தில் 40,000 ரூபாவை முற்பணமாக வங்கியில் போட்டோம். 12ஆம் திகதி போய் இறங்கினால், அங்கே வேறொரு குடும்பம் தங்கியிருந்தது. கடலிலிருந்து வெகு தூரத்தில், மின்விசிறிகூட இல்லாத இரண்டு அறைகளைக் காட்டினார்கள். மறுத்துவிட்டுத் திரும்பினோம். வான் கூலி 35,000 ரூபாவும் வீண். “முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறோம்” என்கிறார் உரிமையாளர். கடலையே பார்த்திராத மாமியார் அழுதுவிட்டார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்த ஒற்றை வரியைக் கண்டு பின்வாங்காதீர்கள். நீங்களாக மனம் மாறிப் பயணத்தைக் கைவிட்டிருந்தால் அது உங்களைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். இங்கே வாக்கை மீறியவர் அவர். பேசிய வீட்டைக் கொடுக்காதவர், அதற்காக வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ள நியாயமில்லை. வேறு அறைகளை ஏற்க வேண்டிய கடமையும் உங்களுக்கு இருக்கவில்லை.

முற்பணத்தோடு வான் கூலியையும் கேளுங்கள். ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன நட்டம் வரும் என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருந்தார்களோ, அதைக் கோரலாம். மலையகத்திலிருந்து வான் பிடித்து வருவதாக வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் அந்தச் செய்தியே பெரிய பலம். மாமியாரின் கண்ணீருக்கு மட்டும் ஒப்பந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடைப்பது கடினம். இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது.

முதலில் 75,000 ரூபாவைக் கேட்டு, 14 நாள் அவகாசம் கொடுத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்த அவகாசம் முடிந்ததும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும். ஆகவே நவம்பர் 12க்கு முன் உங்கள் கடிதம் அவர்கள் கையில் இருக்கட்டும். விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ இழப்பீடு வழங்கவோ உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சிங்களத்தில்தான் எழுத வேண்டுமோ என்ற தயக்கத்திலேயே நம் மக்கள் பலர் உரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள். அது என்னைத் தொடர்ந்து வருத்துகிற விடயம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை.

அங்கும் தீராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இந்த அளவுத் தொகைக்கான பிணக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகுமுன் அங்கே சென்றாக வேண்டும். சட்டத்தரணி உங்களுக்காக அங்கே பேச முடியாது, நீங்களே பேசலாம். இணக்கம் ஏற்படாவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். அதோடு வழக்குத் தொடரலாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும்.

பொலிஸுக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். வாக்குத் தவறியது மட்டுமே மோசடிக் குற்றமாகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். அதே வீட்டுக்கு, அதே நாட்களுக்குப் பலரிடம் பணம் வாங்கியிருப்பது தெரியவந்தால் தயங்காமல் முறையிடுங்கள்.

விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்), வங்கிப் பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், வான் சாரதி கொடுத்த பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இன்றே வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தின்படி வாட்ஸ்அப் செய்திகளும் சான்றாகும். முறைப்பாடு போனதும் “பாதியைத் தருகிறேன், பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு செய்தி அனுப்புங்கள்” என்று அவர் கேட்கக்கூடும். ஒப்புக்கொண்ட தொகை கணக்கில் விழும்வரை அப்படி எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.