ஓரத்தில் தேதி இருந்தால் அசலா?

கேள்வி: டோக்கியோவின் ஜிம்போச்சோ பகுதியில், பழைய அச்சுப் படங்கள் விற்கும் ஒரு கடையில், எழுதும் மேசையருகே அமர்ந்து நிலவொளியில் சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் பெண் எழுத்தாளரின் மர அச்சு ஓவியம் ஒன்றைப் பார்த்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் யோஷிதோஷியின் ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ தொகுப்பைச் சேர்ந்தது என்றும், ஓரத்தில் ‘மெய்ஜி 22’ என்றிருப்பதே அசலுக்குச் சான்று என்றும் கடைக்காரர் கூறுகிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது ‘இஷியாமா நிலவு’ ஓவியமாக இருக்க வேண்டும். பிவா ஏரிக்கு அருகிலுள்ள இஷியாமா கோயிலில் தங்கியிருந்த ஜப்பானியப் பெண் எழுத்தாளர் முராசாகி ஷிகிபு, முழுநிலவைக் கண்ட இரவில்தான் ‘கெஞ்ஜி கதை’ என்ற பழம்பெரும் நாவலை எழுதத் தொடங்கினார் என்பது ஐதிகம். வரலாறு அதை உறுதிப்படுத்துவதில்லை. ஓவியத்துக்கு அது குறையுமில்லை.

மெய்ஜி 22 என்பது மெய்ஜி என்ற ஜப்பானிய ஆட்சிக்காலத்தின் 22ஆம் ஆண்டு, அதாவது 1889தான். ஆனால் அந்தத் தேதி தாளில் எழுதப்பட்டதன்று, அச்சிடும் மரக்கட்டையில் செதுக்கப்பட்டது. எனவே அதே கட்டையிலிருந்து பின்னாளில் எடுத்த அச்சிலும், புதிதாகக் கட்டை செதுக்கி எடுத்த மறுபதிப்பிலும்கூட அதே தேதி இருக்கலாம். கடைக்காரர் காட்டும் சான்று, தாளின் வயதைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

தாளைத் திருப்பிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நீரில் கரைத்த வண்ணம் என்பதால் கைஅச்சில் அது பின்புறம் வரை ஊறியிருக்கும். தாளைக் கட்டைமேல் வைத்துத் தேய்த்த வட்டத் தடங்களும் சில இடங்களில் தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு, பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். கைஅச்சு என்று உறுதியானபின், ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் வைத்துள்ள இத்தொகுப்பின் படத்தைக் கைபேசியில் திறந்து, நெற்றியோரத்து முடிக்கோடுகளை ஒப்பிடுங்கள். மறுபடி செதுக்கிய கட்டையில் அந்த மயிரிழைக் கோடுகள் அச்சு அசலாக அமைவது அரிது. கோடுகள் பொருந்தியும் ஆங்காங்கே அறுபட்டிருந்தால், தேய்ந்த கட்டையில் எடுத்த பிந்தைய அச்சாக இருக்கக்கூடும். வானத்தின் வண்ணம் படிப்படியாக மங்குகிறதா என்பதையும், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் மையின்றி அழுத்திய புடைப்பு தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள். பிந்தைய அச்சுகளில் முதலில் கைவிடப்படுவது இந்த நுட்ப வேலைகள்தாம். ஓரம் வெட்டப்பட்டிருந்தாலோ, பின்னால் தாள் ஒட்டியிருந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

முதல் அச்சா, பிந்தைய அச்சா, மறுபதிப்பா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், மறுபதிப்புக்குரிய விலைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.