மீன் கழுவின தண்ணீர்

அன்புள்ள சார்,
கொருக்குப்பேட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். காசிமேட்டு மீன் கழிவில் வெல்லம் போட்டு மீன் அமிலம் தயாரிக்கிறேன். "செடிக்கு எல்லாம் ஒன்றுதான், யூரியா போடும்மா" என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. இயற்கையையும் ரசாயனத்தையும் செடி ஒன்றாகவா எடுத்துக்கொள்ளும்? கத்தரிக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஊற்றலாம்?
- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மாமா சொன்னது முக்கால்வாசி சரி. கோபப்படாதீர்கள். மீனோ புண்ணாக்கோ, அதிலுள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் அமினோ அமிலமாக உடைக்கும், அது அம்மோனியமாகும், இன்னொரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரேட் என்ற நைட்ரஜன் உப்பாக்கும். காற்றோட்டமான மண்ணில் கத்தரி வேர் பெரும்பாலும் குடிப்பது இந்த நைட்ரேட்டைத்தான். யூரியாவும் சில நாளில் அதே அம்மோனியத்தில்தான் வந்து சேரும்.

மீதிக் கால்வாசி உங்களுக்கு. அமினோ அமிலத்தை உடையாமல் அப்படியே உள்ளே இழுக்கவும் வேரில் தனிப் புரதங்கள் உண்டு. சிதைவு மெதுவாக நடக்கும் குளிர்தேசத்துக் காடுகளில் அது பெரிய வழி. நம் ஊர்ச் சூட்டில் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும்.

ஆனால் 'இயற்கை', 'ரசாயனம்' என்று கோடு கிழிக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேதியியல் கணக்கில் யூரியா கரிமச் சேர்மம், அதாவது 'ஆர்கானிக்'. 1828-இல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் அதை ஆய்வகத்தில் செய்துகாட்டினார். மணலி உர ஆலையில் மூட்டை கட்டுவதும் உங்கள் சிறுநீரில் போவதும் ஒரே சரக்கு. உங்கள் எருக்குழியில் ஊறும் நைட்ரேட்தான் கனிம உப்பு! அந்தக் காலத்தில் நைட்ரேட் உப்பான வெடியுப்பையே மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலிருந்துதான் காய்ச்சினார்கள். இப்போது சொல்லுங்கள், எது இயற்கை?

வேறுபடுவது வேகம். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். கடலைப் புண்ணாக்கில் ஏழு சொச்சம், அதுவும் தவணையில்தான் கைக்கு வரும்.

தண்டையார்பேட்டை வீட்டில் அம்மா மீன் கழுவின தண்ணீரைச் சந்து ஓரத்துக் கருவேப்பிலைக்குத்தான் ஊற்றுவார். ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானியான நான் அதன் அடியில் இரண்டு கை யூரியா கொட்டினேன். இலை ஓரம் கருகி, உதிர்ந்து, குச்சியாக நின்றது. அம்மா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரப்பொடி மீன் கழுவின தண்ணீரை அந்தக் குச்சிக்கே கொண்டுபோய் ஊற்றினார். வாராவாரம் ஊற்றினார். மழைக்கு அப்புறம் ஒரு சாண் தள்ளி வேரிலிருந்து கன்று கிளம்பியது. யூரியாவை மழை கரைத்துக் கொண்டுபோயிருக்கும் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடடா, கத்தரி! பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, தண்ணீர் தாராளமாகக் கலந்து ஊற்றுங்கள். பூக்காமல் இலையாகவே தழைத்தால் நிறுத்திவிடுங்கள்.