வாசகர் கேள்வி - பதில்: ஒரே வீட்டில் மூன்று மெய்யப்பன்

கேள்வி: எங்கள் ஐயா (தாத்தா) காலத்து ரங்கூன் கடிதங்கள், பேரேடுகள், வீடு கட்டிய கணக்கு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஆள், ஊர், கடை என்று ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். ஆப்சிடியன், நோஷன், லாக்சீக் என்ற குறிப்பெடுக்கும் செயலிகள் மூன்றில் எது சரிவரும்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: ஆப்சிடியன். ஒவ்வொரு குறிப்பும் உங்கள் கணினியிலேயே மார்க்டவுன் என்ற வெறும் எழுத்துக் கோப்பாக இருக்கும். நாளை அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். நோஷனின் இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 5 எம்பியைத் தாண்டக் கூடாது. தெளிவாக ஸ்கேன் செய்த பேரேட்டு பிடிஎஃப் அதில் ஏறுவது கஷ்டம்.

ஆனால் செயலியைவிடப் பெயர்தான் உங்களைப் படுத்தப்போகிறது. ஐயா பெயரைப் பேரனுக்கு இடுவதால் ஒரே வீட்டில் மூன்று மெய்யப்பன் இருப்பார்கள். ஆப்சிடியனில் ஒரு பெயரை இரட்டை அடைப்பில் இட்டால் அது அந்தப் பெயருள்ள குறிப்புக்கு இணைப்பாகும். வெறுமனே [[மெய்யப்பன்]] என்று இட்டால் மூவரின் கடிதங்களும் ஒரே குறிப்பில் போய் விழும். ஐயாவுக்கும் பேரனுக்கும் விலாசமும் (பெயருக்கு முன் வரும் முதலெழுத்துகள்) ஒன்றாகவே அமைந்துவிடுவது உண்டு. பிறந்த ஆண்டுதான் பிரித்துக் காட்டும். 'ராம மெ மெய்யப்பன் 1898' என்பது போலத் தலைப்பிடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் மனைவி பெயர். விலாசத்தில் புள்ளி வேண்டாம்: ஓரிடத்தில் புள்ளிக்குப் பின் இடம் விட்டு, இன்னோரிடத்தில் விடாமல் போனால் ஒரே ஆள் இரண்டாகிவிடுவார். கடிதத்தில் 'ரங்கூனார்' என்று வந்தால் அதை அவர் குறிப்பின் பண்புகள் பகுதியில் அலியாஸ், அதாவது மாற்றுப்பெயர் ஆகச் சேருங்கள். பிறகு இரட்டை அடைப்புக்குள் 'ரங்கூனார்' என்று தட்டினாலும் அவர் குறிப்பே வந்து நிற்கும்.

வேற்றுமை உருபு அடுத்த தலைவலி. 'மெய்யப்பனுக்கு' என்று அடைப்புக்குள் இட்டால், அதைத் தொட்டதும் அந்தப் பெயரில் புதுக் குறிப்பு ஒன்று முளைக்கும். செங்குத்துக் கோடு போட்டு [[ராம மெ மெய்யப்பன் 1898|மெய்யப்பனுக்கு]] என்று எழுதுங்கள். படிக்கும்போது 'மெய்யப்பனுக்கு' என்பது மட்டும் தெரியும்.

தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கணக்கில் 'சுக்கில' என்று இருந்தால் அது 1869-70ஆக இருக்கலாம், 1929-30ஆகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வையுங்கள். ஸ்கேன் படத்துக்குள் இருக்கும் கையெழுத்தை ஆப்சிடியன் தேடித் தராது. படத்தின் கீழே யார் யாருக்கு எழுதியது, என்ன தொகை, எந்த ஊர் என்று இரண்டு வரி தட்டச்சு செய்தால்தான் பின்னால் கிடைக்கும்.

குறிப்புகளின் இணைப்புகளைக் கோடுகளாகக் காட்டும் வலைப்பின்னல் படம் (கிராஃப்) பார்க்க அழகு, அவ்வளவுதான். வேலைக்கு ஆவது பின்னிணைப்புப் (பேக்லிங்க்ஸ்) பலகம்: ஓர் ஆளின் குறிப்பைத் திறந்தால் அவர் வரும் கடிதங்களெல்லாம் அங்கே வரிசையாக நிற்கும்.

கேள்வி: ஆப்சிடியனில் 'சௌந்தரம்' ஆச்சிக்கு ஏற்கெனவே குறிப்பு இருக்கிறது. இணைப்பைத் தொட்டால் அதே பெயரில் வெற்றுக் குறிப்பு திறக்கிறது. ஏன்?
- வாசகர், காரைக்குடி

பதில்: ஓரிடத்தில் ஔகாரக் குறி, இன்னோரிடத்தில் 'செ' போட்டு அதன் பின்னால் 'ள' எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. எழுத்துக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'செ' மிஞ்சினால் அது தவறான வடிவம். ஆப்சிடியனோடு வரும் நோட் கம்போசர் என்ற உள்சேர்க்கையை இயக்கித் தவறான குறிப்பைச் சரியானதோடு இணைத்துவிடுங்கள், இணைப்புகளும் கூடவே மாறும். பெயர் மாற்றுவதென்றால் செயலிக்குள்ளேயே மாற்றுங்கள். விண்டோஸ் கோப்புறையில் போய் மாற்றினால் பழைய இணைப்புகள் அறுந்துவிடும்.

கேள்வி: ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூக்கல்) செய்கிறோம். ஆர்டர்களுக்கும் ஆப்சிடியன் ஆகுமா?
- வாசகர், ஆத்தங்குடி

பதில்: வேண்டாம், அதற்கு நோஷன். வாடிக்கையாளர் ஓர் அட்டவணை, ஆர்டர் ஓர் அட்டவணை, டிசைன் ஓர் அட்டவணை; மூன்றையும் ரிலேஷன் என்ற நெடுவரிசையால் கோத்துவிடுங்கள். அளவு, நிறம், எண்ணிக்கை, தரவேண்டிய தேதி எல்லாம் ஆர்டர் அட்டவணையில். ஒரு டிசைனைத் திறந்தால் அது எந்தெந்த வீட்டுக்குப் போனது என்று தெரியும்.

கேள்வி: கானாடுகாத்தான் வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறேன். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டுப் பகுதிகளைப் பற்றி அன்றாடம் கேட்பதைத் துண்டு துண்டாகப் போனில் குறிப்பேன். எங்கே எழுதுவது?
- வாசகர், காரைக்குடி

பதில்: லாக்சீக். திறந்ததும் அன்றைய தேதிப் பக்கம் வரும்; ஒவ்வொரு வரியும் தனித் துண்டு. வரியில் வீட்டுப் பெயரை இரட்டை அடைப்பில் இட்டு, விவரங்களை அதன் கீழே உள்தள்ளி எழுதுங்கள். பின்னால் அந்த வீட்டுப் பக்கத்தைத் திறந்தால் எல்லாத் தேதிகளின் வரிகளும் உள்தள்ளியவற்றோடு வந்துவிடும். தலைப்பு என்ன, எந்தக் கோப்புறை என்று வாசலில் நின்று யோசிக்கத் தேவையில்லை. போனிலும் கணினியிலும் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றின் எழுத்தை மற்றது அழித்துவிடலாம். போனில் செயலியை மூடி, கோப்பு கணினிக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு அங்கே தொடருங்கள்.