தங்கச்சி மகளை தத்தெடுக்க பதிவிலாகாவா, கோர்ட்டா?

கேள்வி: அக்கா, நாங்க சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம், வீட்டுக்காரர் செம்பனை பழம் வெட்டுறாரு. எங்களுக்கு பிள்ளை இல்ல. தங்கச்சி மகள அஞ்சு மாசத்துல இருந்து நான்தான் வளர்க்குறேன், இப்ப தமிழ்ப்பள்ளியில மூணாம் ஆண்டு. அது அப்பா அப்பவே விட்டுட்டு போனவரு, எங்க இருக்காருனே தெரியல. தங்கச்சி ஜொகூர்ல வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா, கையெழுத்து போடுறேங்குறா, ஆனா இப்ப இருக்குற புருஷன் 5,000 வெள்ளி கேக்குறாரு. பதிவிலாகாவுல பதிஞ்சா போதும்னு சிலர் சொல்றாங்க, கோர்ட்டுக்கு போனு சிலர். எது சரி?
- தோட்டத்து வாசகி

பதில்: அந்தப் பணத்த ஒரு காசு கூட குடுத்துறாதீங்கம்மா. தத்தெடுக்குறதுக்காக காசு கை மாறலன்னு தெரிஞ்சாதான் கோர்ட்டு ஆர்டர் போடும், குடுத்தீங்கன்னா உங்க கேஸே கெட்டுப்போயிரும். தங்கச்சிய தனியா கூப்பிட்டு தன்மையா சொல்லுங்க.

நம்ம மலேசியாவுல ரெண்டு வழியும் 1952-ல வந்த சட்டந்தான். பதிவிலாகா வழியில பிள்ளைக்கு 18 வயசு ஆகியிருக்கக்கூடாது, ரெண்டு வருஷம் விடாம வளர்த்திருக்கணும், நீங்க எட்டு வருஷத்துக்கு மேல வளர்த்துட்டீங்க. ஆனா அதுல ஒரு குறை இருக்கு, உங்க காலத்துக்கு அப்புறம் உயில் இல்லன்னா மகள்ங்குற சொத்துரிமை பிள்ளைக்கு தானா வராது. கோர்ட்டு வழி (இது முஸ்லிம் அல்லாதவங்களுக்கு) முடிஞ்சா பெத்த பிள்ளைக்கு உள்ள உரிமை அத்தனையும் வந்துரும். நான் கோர்ட்டுக்குத்தான் போகச் சொல்லுவேன். ஈப்போவுல அரசாங்க சட்ட உதவி ஆபிஸ் இருக்கு, வருமானம் கம்மியா இருந்தா தத்தெடுப்பு கேஸும் எடுப்பாங்க. அப்பா கையெழுத்துக்கு பயப்படாதீங்க, விட்டுட்டு போனவரு, தேடியும் கிடைக்கலன்னா அது இல்லாமலே நடத்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு. கிளினிக் புக்கு, ஸ்கூல் ரிப்போர்ட்டு எல்லாம் பத்திரமா எடுத்து வைங்க, வளர்த்தது யாருங்குறதுக்கு அதுதான் சாட்சி. எங்க காலத்துல தோட்டத்துல ஆயாக்கொட்டகையில (வேலைக்குப் போறவங்க பிள்ளைங்கள பார்த்துக்குற இடம்) விட்ட பிள்ளைய பக்கத்து வீட்டுக்காரங்களே வளர்த்துருவாங்க, பேப்பர் ஒண்ணும் இருக்காது, 12 வயசுல ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போகும்போதுதான் அழுகை. அந்த வயசு வர்றதுக்குள்ள முடிச்சிருங்க.

சமூக நல இலாகாவுக்கு முன்கூட்டியே எழுத்துல தெரிவிக்கணும். பிள்ளைக்காக பேசுறதுக்குன்னு கோர்ட்டு ஒருத்தர நியமிக்கும், வீட்டுக்கு வந்து பார்ப்பாங்க. லயத்து வீடுன்னு கூச்சப்படாதீங்க, பிள்ளை எங்க படுக்குது, யாரு மடியில போய் உக்காருதுன்னுதான் பார்ப்பாங்க. உங்க ஆசை, தங்கச்சி வசதி எல்லாம் அப்புறம், இந்த பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் சட்டம் கேக்குது, அதோட வயசுக்கும் புரிதலுக்கும் தக்கபடி பிள்ளையோட விருப்பத்தையும் பார்க்கணும்னு எழுதியே வச்சிருக்கு.

அதனால நான் உங்கள ஒண்ணு கேக்குறேன், நீங்க எழுதவே இல்ல: நீங்க பெரியம்மானு அதுக்கு தெரியுமா? தெரியலன்னா ஆபிசர் வாயில இருந்து முதல்முதலா கேக்க விட்டுறாதீங்க, பாவம். இந்த ஸ்கூல் லீவுலயே வீட்டுக்காரரையும் பக்கத்துல வச்சிக்கிட்டு நீங்களே சொல்லிருங்க, அழுதா அழட்டும், கேள்வி கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்லுங்க, அம்மாவ பார்க்கணும்னு கேட்டா ஜொகூருக்கு போன் போட்டு குடுங்க.