கமெண்ட் போட்டது யாரோ, பக்கம் உங்களுடையது

கேள்வி: பட்டர்வொர்த் வட்டாரச் செய்திகளுக்காக முகநூல் பக்கம் நடத்துகிறேன். எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) நடந்த வழிப்பறியில் நான்கு பேர் பிடிபட்டதைப் போன வாரம் போட்டேன். ஒருவன் 16 வயதுப் பையன். நான் அவன் பெயரைப் போடவில்லை, முகத்தையும் மறைத்துவிட்டேன். ஆனால் கமெண்ட்டில் மக்கள் பெயரை எழுதிவிட்டார்கள். போலீஸ் ரிப்போர்ட் செய்யப் போவதாகப் பையனின் அம்மா சொல்கிறார். ஓர் ஏஜெண்ட் 800 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் மீடியா கார்டு எடுத்துத் தருவதாகவும், அதன்பின் யாரும் கைவைக்க முடியாது என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்த ஏஜெண்டுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். மலேசியாவில் அதிகாரப்பூர்வ ஊடக அட்டையை வழங்குவது தகவல் இலாகா. அதுவும் ஓர் அடையாள அட்டைதான். செய்தியாளர் சந்திப்புக்குள் நுழைய அது உதவும், சட்டத்திலிருந்து தப்பிக்க உதவாது. பெரிய நாளிதழின் நிருபருக்கே இல்லாத பாதுகாப்பை ஏஜெண்ட் எங்கிருந்து கொண்டுவருவார்? பளபளக்கும் அட்டையும் கழுத்துப் பட்டையும் கொடுத்து, ‘சங்க உறுப்பினர்’ என்று அச்சடித்துத் தருபவர்களை நம்பிப் பதிவு போடுவது, அட்டையே இல்லாமல் போடுவதைவிட ஆபத்து. பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பே கையை அவசரப்படுத்தும்.

இப்போது அந்தப் பையன் விஷயம். 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, குற்றச் செயலில் சம்பந்தப்பட்டதாகச் சொல்லப்படும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, அடையாளம் காட்டக்கூடிய வேறு விவரம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. கைதான நாளிலிருந்து வழக்கு முடிந்த பின்னும் இதே விதிதான். மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். போலீஸ் அனுப்பிய வாட்ஸ்அப் தகவலில் பெயர் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

முகத்தை மறைத்ததாகச் சொல்கிறீர்கள். படத்தில் பையனின் மோட்டார் நம்பர் தெரிகிறதா? சட்டையில் பள்ளிச் சின்னம்? பின்னால் வீட்டுக் கேட்? அடையாளம் காட்டக்கூடிய ‘வேறு ஆள், இடம், பொருள்’ படமும் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது.

கமெண்ட்டில் இது துண்டு துண்டாகத்தான் நடக்கும். ஒருவர் ‘சி பிளாக் பையன்தானே’ என்பார். அடுத்தவர் ‘ஃபுட்பால் டீமில் இருந்தவன்’ என்பார். மூன்றாமவர் ‘அம்மா காலையில் நாசி லெமாக் விற்பாரே’ என்பார். யாருமே பெயரைச் சொல்லவில்லை. ஆனால் தாமான் முழுவதற்கும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

‘நான் எழுதவில்லையே’ என்ற வாதத்தின் நிலையை மலேசியாகினி என்ற இணையச் செய்தித்தளத்தின் வழக்கு காட்டுகிறது. நீதித்துறையைத் தாக்கி வாசகர்கள் எழுதிய ஐந்து கமெண்ட்டுகளுக்காக, 2021 பிப்ரவரி 19 அன்று கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. கெட்ட சொற்களைப் பிடிக்கும் வடிகட்டி அவர்களிடம் இருந்தது. போலீஸ் சொன்ன சில நிமிடங்களில் அகற்றியும்விட்டார்கள். அது போதவில்லை. அந்த வழக்கில் பேசப்பட்ட 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு, பக்கத்தின் உரிமையாளர், அட்மின், ஆசிரியர் என்று பெயர் உள்ளவரே வெளியிட்டதாக அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சும்மா அட்மினாகச் சேர்த்துவைத்திருக்கும் மச்சானின் தலையிலும்தான்.

இன்றே செய்ய வேண்டியது: பதிவையும் கமெண்ட்டுகளையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பதிவையே அழியுங்கள். திருத்தி வைக்காதீர்கள். திருத்தினால் பழைய வாசகம் திருத்த வரலாற்றில் நிற்கும், யாரும் திறந்து பார்க்கலாம். கமெண்ட்டை ‘மறை’ என்று அழுத்துவதும் போதாது. எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் அது தெரிந்துகொண்டேதான் இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்திருந்தால் அங்கும் அழியுங்கள்.

இனி குற்றச் செய்தி போடும்போது கமெண்ட்டை அடைத்துவிடுங்கள். ‘யார் கருத்து எழுதலாம்’ என்ற இடத்தில், பதிவில் குறிப்பிட்டவர்கள் மட்டும் என்று வைத்து, யாரையும் குறிப்பிடாமல் விட்டால் போதும். சொல் வடிகட்டியை நம்ப வேண்டாம். நம் மக்கள் ஒரே பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் நாலு விதமாக எழுதுவார்கள்.

பெரியவர்கள் பெயரைப் போடலாமே என்று கேட்பீர்கள். நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட பின், திறந்த மன்றத்தில் நடந்ததை நேர்மையாக, உடனுக்குடன் எழுதினால் அவதூறுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஓர் இடத்தில் பத்திரிகைகளே தடுக்கி விழுகின்றன. பிள்ளையைக் கெடுத்ததாக அப்பாவோ சிற்றப்பாவோ மன்றத்தில் நிற்கும்போது, அவர் வயது வந்தவர்தானே என்று பெயரைப் போட்டால், பிள்ளை யாரென்று போட்டதாகவே ஆகும். பெயரை விட்டு உறவைச் சொல்லலாம், அல்லது உறவை விட்டுப் பெயரைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. இன்னொரு பத்திரிகை உறவை ஏற்கெனவே எழுதியிருந்தால், நீங்கள் பெயரை மட்டும் போட்டாலும் அதே விளைவுதான். ஆகவே வயது, தொழில், மாவட்டம், இவற்றோடு நிறுத்திவிடுங்கள். பையனும் பெரியவர்களும் ஒன்றாகக் குற்றஞ்சாட்டப்பட்டால் வழக்கு சாதாரண மன்றத்துக்குப் போகும். அப்போதும் பையனின் பெயர் வெளியே வரக் கூடாது.

தடுப்புக்காவல் (ரிமாண்ட்) என்பது குற்றச்சாட்டு அல்ல, விசாரணைக்கான அவகாசம். 14 ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 7, பிறகு 7. குற்றஞ்சாட்டப்படும்வரை ‘சந்தேக நபர்’ என்றே எழுதுங்கள். விலங்கோடு நடத்தி வரும் படத்துக்கு ஆயிரம் பேர் கூடுகிறார்கள். அதே ஆள் எட்டாம் நாள் குற்றச்சாட்டின்றி வெளியே வரும்போது கேமரா ஒன்றுகூட இருப்பதில்லை. அவனை வெளியே விட்டோம் என்று சொல்லவும் எந்த அலுவலகத்துக்கும் நேரமில்லை. 2001இல் எழுதிய சிறார் சட்டத்தில் நாளிதழும் சஞ்சிகையும் பெயர் சொல்லி இருக்கின்றன. முகநூல் அப்போது பிறக்கவே இல்லை.  சாதாரண அட்மினுக்குப் புரியும் மொழியில் ஒரு பக்க வழிகாட்டி தர யாருக்கும் தோன்றவில்லை.

பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, எதை எப்போது அழித்தீர்கள் என்று சொல்லுங்கள். யார் எழுதினார்கள் என்று அவரோடு வாதாட வேண்டாம். போலீஸ் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி வாக்குமூலத்துக்கு அழைத்தால் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. நேரம் தெரியும் அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தாளில் எடுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.