வரலாறே இல்லாத புல்வெளி

அன்புள்ள ஐயா,

வணக்கம். வரும் மே மாதம், பள்ளி விடுமுறையில், மனைவியோடும் பன்னிரண்டு வயது மகனோடும் தான்சானியாவுக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறேன். சான்சிபார் தீவின் பழைய நகரமான ஸ்டோன் டவுனைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. செரெங்கேட்டியில் சஃபாரி என்பது மகனின் ஆசை. இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்கிறார் பயண முகவர். நானோ, வரலாற்றை முதலில் பார்த்து முடித்துவிட்டு, பிறகு மனிதக் கறையே படாத, வரலாறே இல்லாத அந்தப் புல்வெளியில் சில நாட்கள் மனதைக் கழுவிக்கொண்டு திரும்பலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரியா? அடிமைச் சந்தை இருந்த இடத்துக்குச் சிறுவனை அழைத்துச் செல்லலாமா? எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆர்., ஈரோடு


அன்புள்ள ஆர்.,

லென்ஸ் விஷயத்தைக் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பயண முகவர் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். தீவிலிருந்து செரெங்கேட்டிக்குள்ளேயே இறங்கும் சிறிய விமானங்கள் இருக்கின்றன. நகரமும் காடும் ஒரே பயணத்தில் தாராளமாக அடங்கும். இவ்வளவுதான் என்றால் இரண்டு வரித் தனிமடலில் பதிலை முடித்திருப்பேன். ஆனால் ‘வரலாறே இல்லாத புல்வெளி’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சில வாரங்களாக நான் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோயைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வரி வந்து சேர்ந்ததால், உங்களைச் சும்மா விட மனம் வரவில்லை.

முதலில் உங்கள் நகரத்தைப் பேசி முடித்துவிடுகிறேன். ஓமான் சுல்தான் சையித் சயீத் தன் தலைநகரையே மஸ்கட்டிலிருந்து சான்சிபாருக்கு மாற்றிக்கொண்டது அங்கே கடற்காற்று நன்றாக வீசியதால் அல்ல. கிராம்பு, தந்தம், அடிமைகள் என்ற மூன்றும்தான் அந்த நகரத்தைக் கட்டின. ஆப்பிரிக்காவின் உட்பகுதியில் கொல்லப்பட்ட யானைகளின் தந்தங்களைச் சுமந்தபடி உஜிஜி, தபோரா வழியாக பகமோயோ கரைக்கு நடந்த மனிதர்களில் கூலிக்குச் சுமந்தவர்களும் உண்டு, கழுத்தில் கட்டோடு வந்தவர்களும் உண்டு. கரையிலிருந்து தோணியேறித் தீவுக்கு வந்த தந்தம், அங்கிருந்து குஜராத்துக்குப் போய் மணப்பெண்களின் வளையலாயிற்று; அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குப் போய் பியானோக் கட்டையாயிற்று. சுங்கம் வசூலிக்கும் உரிமையைப் பல்லாண்டுகள் குத்தகைக்கு வைத்திருந்தவர்கள் கட்ச்சிலிருந்து போன வணிகர்கள். ஆகவே ஸ்டோன் டவுனின் சந்துகளில் பித்தளைக் குமிழ்கள் பதித்த அந்தப் பெரிய மரக்கதவுகளைப் படம் எடுக்கும்போது, அவற்றை வாங்கிய பணம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். காட்டின் கணக்கு வழக்குகள் முழுக்க அந்த நகரத்தில்தான் எழுதப்பட்டன. நீங்கள் இரண்டு பயணங்களாக நினைப்பதை நான் ஒன்றாகவே பார்ப்பதற்கு இதுவே காரணம். முதன்மையான வணிகப் பாதை செரெங்கேட்டிக்கு வெகு தெற்கே போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கு இன்னொரு வாசகர் கடிதம் எழுதுவார்.

இப்போது புல்வெளிக்கு வருகிறேன். 1880களின் இறுதியில், எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தில் இத்தாலியப் படைக்காக இறக்கப்பட்ட மாடுகளோடு வெக்கை நோய் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்டவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. பத்தாண்டுக்குள் நோய் கண்டத்தின் தென்கோடியைத் தொட்டுவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடுகளில் பத்தில் ஒன்பது மாண்டன என்கிறார்கள். மாடே சோறாகவும் சொத்தாகவும் உறவாகவும் இருந்த மசாய் மக்கள் அடுத்து மாண்டார்கள். பஞ்சத்தின் பின்னாலேயே பெரியம்மையும் வந்தது. 1892இல், செரெங்கேட்டியை ஒட்டியுள்ள ங்கோரோங்கோரோ எரிமலைப் பெரும்பள்ளத்தைக் கண்ட முதல் ஐரோப்பியரான ஆஸ்கார் பௌமன், எலும்புக்கூடாக நடமாடிய மசாய்களைப் பார்த்தார். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்திருக்கக்கூடும் என்று கணித்தார். மேய்க்க மாடும், புதரை அடக்கத் தீ வைக்க ஆளும் இல்லாத நிலத்தில் புதர் மண்டியது, புதரோடு உறக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்கள் பெருகின. பின்னால் வந்த வெள்ளை அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டு, ஆதியிலிருந்தே இப்படித்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஊரே செத்துக் கிடந்த இடத்துக்குப் பிறகு வந்து, இங்கே ஊரே இருந்ததில்லை என்று எழுதிவைத்தார்கள். நீங்கள் மனதைக் கழுவிக்கொள்ள நினைக்கும் தூய்மை எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா?

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா கால்நடைத் துறையில் ஊசி போடும் ஊழியராக இருந்தார். ஐஸ் கட்டி நிரப்பிய குடுவையை சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்; ஊசி போட்டால் பால் வற்றிவிடும் என்று பயந்து, அவர் தலை தெரிந்ததுமே சிலர் மாடுகளை ஆற்றங்கரைப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். ஒருமுறை என்னையும் அழைத்துப் போயிருந்தபோது, கண்ணில் நீர் வடிய நின்றுகொண்டிருந்த ஒரு பசுவின் கீழுதட்டைப் புரட்டிக் காட்டினார். ஈறின் மேல் தவிடு தூவியதுபோலப் புண் படர்ந்திருந்தது. “இதுதான் வெக்கை. இனி இது தேறாது, மற்றதைப் பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தொழுவத்துக்குப் போய் ஊசியைக் கையில் எடுத்தார். அந்த வீட்டுப் பெண்மணி அவரைத் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இந்தியாவில் இந்நோய் கடைசியாகப் பதிவானது 1995இல், நம் தமிழ்நாட்டில்தான். 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த நோய் இது ஒன்றுதான். அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை.

பெரியப்பா செய்த அதே வேலையை 1950களிலும் 60களிலும் செரெங்கேட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பலர் செய்தார்கள். அவர்கள் ஊசி போட்டது மாடுகளுக்கு மட்டுமே. காட்டு விலங்கு ஒன்றையும் தொடவில்லை. ஆனால் மாட்டிடம் நோய் நின்றதும், அதனிடமிருந்து நோயை வாங்கிக்கொண்டிருந்த வில்டிபீஸ்ட் என்னும் காட்டுமான்களின் கன்றுகள் பிழைக்கத் தொடங்கின. 1961இல் ஏறத்தாழ இரண்டரை லட்சமாக இருந்த வில்டிபீஸ்ட் கூட்டம் 1977இல் பதின்மூன்று லட்சத்தைத் தொட்டது. கூட்டம் பெருகியதும் புல் குறைந்தது, புல் குறைந்ததும் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்த இடங்களில் மரக்கன்றுகள் தலை தூக்கின. புல்லைத் தேடி அவை ஆண்டுதோறும் நடத்தும், உலகத்தையே வாய் பிளக்க வைக்கும் அந்த மாபெரும் இடப்பெயர்ச்சி இன்றைய அளவில் இருப்பதற்குக் குடுவையும் ஊசியுமாக அலைந்தவர்கள் ஒரு காரணம். எந்த வழிகாட்டியும் இதைச் சொல்வதாகத் தெரியவில்லை. சிங்கம் எத்தனை மணி நேரம் தூங்கும் என்பதைத்தான் சொல்கிறார்கள்.

இதே காலத்தில்தான் மசாய்களை அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1951இல் தேசியப் பூங்கா உருவானது. 1959இல் மக்களையும் மாடுகளையும் பக்கத்திலுள்ள ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பிவிட்டு, செரெங்கேட்டியை விலங்குகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். பூங்காவுக்குள் மனிதன், அந்த மண்ணின் மனிதனே ஆனாலும், வாழக்கூடாது என்று வாதாடியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்னார்ட் கிரிசிமெக். வரிக்குதிரைக் கோடுகள் பூசிய விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணியவர், அதே விமானம் விழுந்ததில் தன் மகனையும் பறிகொடுத்தவர். பெரும்பள்ளத்தின் விளிம்பில் அந்த மகனின் கற்சமாதியருகே உங்கள் வண்டியும் நிற்கும். வணங்குங்கள், அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் அதே 1959ஆம் ஆண்டு ஜூலையில், சமாதிக்குச் சற்று மேற்கே ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி, மனிதக் குடும்பத்தைச் சேர்ந்த, பதினேழரை லட்சம் ஆண்டு பழைய ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ங்கோரோங்கோரோவுக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று அங்கிருந்தும் பெயர்க்கப்படுகிறார்கள்; 2022 முதல் தொலைவிலுள்ள ம்சோமேரா என்ற ஊரில் வீடு கட்டிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது அரசு.

உங்கள் கேள்விகளை மறந்துவிடவில்லை. மே என்றால் அங்கே மாசிகா என்னும் பெருமழையின் வால்பகுதி. தீவிலும் மழை இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். மாரா ஆற்றை விலங்குகள் கடக்கும் காட்சி ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடைப்பட்டது, கன்று ஈனும் காலம் ஜனவரி, பிப்ரவரி. மே மாதத்தில் இரண்டையும் தருகிறேன் என்று எவராவது சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள். சிறிய விமானத்தில் பதினைந்து கிலோவுக்கு மேல் அனுமதிப்பது அரிது, அதுவும் மடங்கக்கூடிய பையாக இருக்க வேண்டும். அடிமைச் சந்தை இருந்த இடத்துக்கு மகனைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். 1873இல் சந்தை மூடப்பட்டதும் அங்கே எழுப்பிய தேவாலயத்தின் முற்றத்தில், குழிக்குள் கழுத்துச் சங்கிலியோடு ஐந்து கல் உருவங்கள் நிற்கின்றன. பன்னிரண்டு வயதுக் கண்கள் அதைத் தாங்கும். அதைக் காட்டாமல் மறைக்கும் அப்பாவைத்தான் பின்னாளில் தாங்காது.

வரிசையை மாற்றுங்கள். முதலில் புல்வெளி, பிறகு நகரம். தந்தம் போன திசையில் நீங்களும் போங்கள். பூங்காவின் நடுப்பகுதியான சேரோனேராவுக்குத் தெற்கே மோரு என்ற பாறைக்குன்றுகள் இருக்கின்றன. அங்கே ஒரு பாறையின் நிழலில் மசாய் இளைஞர்கள் சிவப்பிலும் வெள்ளையிலும் கறுப்பிலும் தீட்டிய கேடயங்களின் ஓவியம் இன்னும் அழியாமல் இருக்கிறது. அருகிலேயே, கல்லால் தட்டினால் வெண்கலம்போல ஒலிக்கும் ஒரு பாறையும், தட்டித் தட்டிக் குழிந்த அதன் தழும்புகளும் இருக்கின்றன. மோருவுக்குப் போக வேண்டும் என்பதைப் பயணத் திட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அங்கே போன பிறகு கேட்டால், ஓட்டுநர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு சிங்கம் இருக்கும் பக்கமே வண்டியைத் திருப்புவார், உங்கள் மகனும் அவர் கட்சியில் சேர்ந்துகொள்வான்.